ரம்பத்துக்கு எத்தனை டிகிரி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரும் காபியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் எங்கள் நலச்சங்கத்தின் மரம் அறுக்கும் மெஷின்.

"சார், வேப்பங்கிளை ஒண்ணு கரெண்டு ஒயரைத் தொடுது, கழிக்கலாம்னு பார்த்தேன். வெட்டவே மாட்டேங்குது, வெறும் தூளா கொட்டுது. செயினை ராவணும் போல. எத்தனை டிகிரியில ராவணும்? உங்களைத்தான் கேட்கச் சொன்னாங்க."

வாழ்நாள் முழுக்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்ற குமாஸ்தாவிடம் போய் ரம்பத்துக்குக் கோணம் கேட்கச் சொன்னவர் யார் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் இந்த விஷயத்தைத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவன் நான். அந்தக் கதையை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூருக்கு நான் குடிவந்தது 1984-இல். அப்போது எங்கள் தெருவில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். ஆளுக்கொரு கன்று நட்டோம். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி, மஞ்சள் பூ கொட்டும் இயல்வாகை. முப்பது வருஷத்தில் தெரு முழுக்க நிழல். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை வர்தா புயல் வந்தது. மதியம் ஆரம்பித்து மாலை ஓய்வதற்குள் எங்கள் தெருவில் மட்டும் பதினொரு மரங்கள் சாய்ந்தன. நான் நட்ட தூங்குமூஞ்சி வேரோடு பெயர்ந்து சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டது.

அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வாசலில் வரிசை. ஒரு வாரம் முன்புதான் முதலமைச்சர் மறைந்திருந்தார். மரம் வெட்டுகிறவர்கள் கேட்டது ரொக்கம். அதுவும் புது நோட்டு. எங்களிடம் காசோலைப் புத்தகம் இருந்தது, பணம் இல்லை. மாநகராட்சி ஆட்கள் பெரிய சாலைகளை முடித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வர ஐந்து நாள் ஆனது. அதுவரை கைரம்பத்தால் கிளைகளை அறுத்து, இரண்டு சக்கர வண்டி போக வழி செய்துகொண்டோம்.

அந்தக் கோபத்தில்தான் 2017 பிப்ரவரியில் சங்கப் பணத்தில் ஒரு பெட்ரோல் மெஷின் வாங்கினோம். பதினாறு அங்குலப் பட்டை, அதைச் சுற்றி ஓடும் செயின், கூடவே நாலு மில்லி உருண்டை அரம் ஒன்று. ஐந்தாறு மொழிகளில் அச்சடித்த ஒரு கையேடும் இருந்தது. அதில் பிரெஞ்சும் இருந்தது. நான் புதுச்சேரிக்காரன். பிறந்தது 1951. நவம்பர் 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றாலும், சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகும் நான் பிரெஞ்சு மொழியில்தான் படித்தேன். ஆகவே அந்தக் கையேட்டை எங்கள் தெருவில் இரண்டு மொழியில் படிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். பொருளாளர் என்ற முறையில் பீரோவில் வைத்துப் பூட்டியவனும் நான்தான். ஆறு வருஷம் அதைப் பிரிக்கவே இல்லை.

மெஷினை அவ்வப்போது யாராவது எடுத்துப் போவார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை செயின் மழுங்கும். தெரு மரம் என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்து எஸ்.டி.டி. பூத் போர்டு, டியூஷன் சென்டர் தட்டி, கட்சித் தட்டி என்று அடித்த ஆணியெல்லாம் மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஒரு ஆணி பட்டால் போதும், பல் போச்சு. மண் ஒட்டிய அடிமரத்தில் வைத்தாலும் அப்படியே. முதல் சில தடவை கடையில் கொடுத்து ராவி வாங்கினோம். ஒரு தடவைக்கு நூற்றைம்பது ரூபாய். 2023-இல் எனக்கு ஒரு யோசனை. அரம் நம்மிடம் இருக்கிறது, கை இருக்கிறது, பென்ஷன் வாங்கும் ஆளுக்கு நேரமும் இருக்கிறது. சங்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கலாமே!

ஒரு மதியம் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ராவினேன். மொத்தம் இருபத்தெட்டுப் பல். பதினாலு இடது பக்கம் பார்த்தவை, பதினாலு வலது பக்கம் பார்த்தவை, ஒன்று விட்டு ஒன்றாக. ஒரு பக்கம் எனக்கு வாகாக இருந்தது, நன்றாகச் சாய்த்துத் தேய்த்தேன். மறுபக்கத்துக்கு வலது கை வளையவில்லை. அங்கே அரம் ஏறக்குறைய நேராகவே நின்றது, தேய்த்ததும் குறைவு. அப்புறம் இன்னொரு காரியம் செய்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அது வெட்டுவதில்லை. பல்லுக்கு முன்னால் நின்று தடுக்கிறது போல எனக்குப் பட்டது. தட்டை அரத்தை எடுத்து அதையும் நன்றாகத் தேய்த்து இறக்கிவிட்டேன். விரலால் தொட்டுப் பார்த்தேன், பல் சுருக்கென்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பொதுக்குழுவில் கணக்குப் படிக்கும்போது சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று இருந்தேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழை அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. எங்கள் தெருவில் முழங்கால் வரை. நான்காம் தேதி இரவு ஒரு புங்கமரம் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேல் சாய்ந்து வாசலை அடைத்துவிட்டது. உள்ளே படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. ஆறாம் தேதி, கடைசி வீட்டுப் பையன் மெஷினை எடுத்தான். இருபத்து நாலு வயது, எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகப் போகிறவன். தெருவில் எந்த வேலைக்கும் முதலில் இறங்குகிறவன்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் நேராக இறங்கவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வெட்டு வளைந்தது. பட்டை மரத்துக்குள் இறுகிக்கொண்டது. அவன் பிடுங்கினான், மறுபடி வைத்தான், பலம் கொண்ட மட்டும் அழுத்தினான். அடுத்த கிளையில் வைத்ததும் பல் ஒரேயடியாகக் கவ்வி, மெஷின் அவன் கையைவிட்டுத் துள்ளியது. ஒரு நொடிதான். இடது முழங்காலுக்கு மேலே பேண்ட் கிழிந்து, தண்ணீர் சிவப்பானது.

ஏழு தையல். எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றுமில்லை. இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம், முடிக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் மெஷினைப் பிட்டர் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "பாண்டிச்சேரி" என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செயினை ஒவ்வொரு பல்லாக நகர்த்திப் பார்த்தார்.

"இதை யாரு ராவினது?"

"கடையிலதான் எப்பவும் கொடுப்போம்" என்றார் செயலாளர்.

"கடைக்காரன் இப்படி ராவ மாட்டானே. ஒரு பக்கம் ஒரு கோணம், இன்னொரு பக்கம் ஒரு கோணம். முன்னால இருக்கிற கட்டையையும் வழிச்செடுத்திருக்கான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. செயலாளர் அங்கேயே அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கத்தினார். கடைக்காரர் தான் ராவவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "பொய் சொல்லாதீங்க" என்று இவர் வைத்துவிட்டார். இனி அந்தக் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவானது. அந்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்.

பதினோரு நாள் அப்படியே இருந்தேன். வீட்டுக்காரி கேட்டாள், "ஏன் சாப்பாடு இறங்க மாட்டேங்குது?" சுகர் ஏறியிருக்கும் என்றேன். அந்த நாட்களில்தான் பீரோவைத் திறந்து அந்தக் கையேட்டை எடுத்துப் படித்தேன். நான் தேய்த்து இறக்கிய அந்தப் புடைப்புக்குப் பிரெஞ்சில் 'லிமித்தேர் த ப்ரொஃபோந்தேர்' என்று பேர். ஆழத்தைக் கட்டுப்படுத்துவது என்று பொருள். ஒரு பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அதுதான். அது பல்லின் நுனியைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலான செயின்களில் 0.65 மில்லிமீட்டர், தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். கவ்வும். துள்ளும்.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆபீசில் எங்களைப் பற்றி வெளியாட்கள் சொல்வது என்ன? "இந்தக் குமாஸ்தா ஒருத்தன் குறுக்கே நிக்கிறான், இல்லேன்னா வேலை மடமடன்னு நடந்துடும்." முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டவன் நான். ஒரு செலவுச் சீட்டு எவ்வளவு போகலாம், எதில் நிறுத்த வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நாங்கள்தான் அந்தப் புடைப்பு. அதைப் போய், உபயோகமில்லாதது என்று நானே வழித்து எடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை கடைசி வீட்டுக்குப் போனேன். பையன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா நாற்காலி போட்டார். உட்காராமலே சொல்லிவிட்டேன். கடைக்காரர் இல்லை, நான்தான் ராவினேன், தெரியாமல் ராவினேன், தெரியவந்த பிறகும் சொல்லாமல் இருந்தேன் என்று.

பையன் சிரித்தான். "பரவால்ல சார், நானும் பேண்ட் மேல ஒண்ணும் கட்டாம தண்ணில நின்னுக்கிட்டு அழுத்தினேன் இல்ல" என்றான்.

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு இவனுக்கு ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா, அப்பவும் வந்து சொல்லியிருப்பீங்களா சார்?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு டீ வரவழைத்தார். தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, காரணத்தையும் எழுதினேன்.

பிட்டர் அண்ணனிடம் சொன்னபோது, "எனக்கு அன்னிக்கே தெரியும் பாண்டிச்சேரி" என்றார். "உன் மூஞ்சி சொல்லிச்சு. நீயா வரட்டும்னு இருந்தேன். நாளைக்கு வா, கத்துக்கோ."

ஜனவரி முழுக்க அவர் திண்ணைதான் எனக்குப் பள்ளிக்கூடம். அங்கே கற்றதை, எதிர்வீட்டுத் தம்பிக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கோணம் என்றால் எது என்று தெரிய வேண்டும். பட்டைக்குக் குறுக்கே செங்குத்தாக அரத்தை வைத்தால் அது பூஜ்யம். அங்கிருந்து எவ்வளவு திருப்புகிறோமோ அதுதான் கணக்கு. சாதாரணமாக மரத்தைக் குறுக்கே அறுக்கும் செயினுக்கு 30 டிகிரி. கோணம் கூடக்கூடப் பல்லின் விளிம்பு மெலிசாகும், சுருக்கென்று வெட்டும், சீக்கிரம் மழுங்கும். குறையக் குறைய விளிம்பு தடித்து நிற்கும், மெதுவாக வெட்டும், அதிக நேரம் தாங்கும். வெங்காயம் நறுக்கும் கத்தியையும் விறகு பிளக்கும் கோடாலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த புளியமரம், சீமைக்கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரமென்றால் 25 டிகிரிக்கு இறங்கலாம். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்கிறவர்கள் வைத்திருக்கும் செயினே வேறு, அதற்கு 10 டிகிரி போதும். நம் தெரு மரங்களுக்கு 30-ஐ விட்டு நகர வேண்டாம். பல செயின்களில் பல்லின் தலையிலேயே சாய்வாக ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தச் சாய்வுதான் கோணம். பல் தேய்ந்து அந்தக் கோடு வரை வந்துவிட்டால் செயினுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

"கோணம் முப்பதா இருபத்தெட்டாங்கிறது அவ்வளவு பெரிய விஷயமில்ல" என்பார் அண்ணன். "எல்லாப் பல்லும் ஒரே கோணம், ஒரே நீளம். அதுதான் விஷயம்." ஒரு பக்கப் பற்கள் நன்றாகவும் மறுபக்கம் சுமாராகவும் இருந்தால், நன்றாக வெட்டும் பக்கமாக ரம்பம் இழுத்துக்கொண்டு போகும். அன்று புங்கமரத்தில் நடந்தது அதுதான். அதனால் இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி, அதில் தொடங்கி, மற்ற எல்லாப் பல்லையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. அரம் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகப் போகும்போது மட்டும் தேய்க்க வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் தலைக்கு மேலே தெரிய வேண்டும். மூன்று நாலு தடவை ராவிய பிறகு ஒரு தடவை, அளவுத் தகடு வைத்து முன் புடைப்பைச் சரிபார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து ஒருபோதும் இறக்கக் கூடாது. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், பட்டை வைஸில் இறுகியிருக்க வேண்டும், கையில் உறை.

ராவியது சரிதானா என்று மரமே சொல்லிவிடும். தூள் கொட்டினால் மழுங்கல். செதில் செதிலாகச் சிம்பு பறந்தால் சரி. நாம் அழுத்தாமலே அதுவாக இறங்க வேண்டும். அழுத்த வேண்டி வந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு வலது பக்கம்தான் இடித்தது. கை மறுபடி மறுபடி நேராகப் போனது. கடைசியில் பேரன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து வந்தேன். ஒரு பலகையில் நடுவே பட்டைக்கு ஒரு கோடு, அதற்குக் குறுக்கே இரு பக்கமும் 30 டிகிரிக்குச் சாய்கோடுகள், நீல மையில். பலகையை வைஸுக்குக் கீழே வைத்து, அரத்தை அந்தக் கோட்டுக்கு ஒத்து ஓட்டினேன். கை அடங்கியது. பிட்டர் அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, படிச்சவன்தான்" என்றார்.

அந்தக் கோணமானியைக் கையில் எடுத்தபோது புதுச்சேரி வகுப்பறை ஞாபகம் வந்தது. எங்கள் வாத்தியார் கரும்பலகையில் வைப்பதற்குப் பெரிய மரக் கோணமானி ஒன்று வைத்திருப்பார். பிரெஞ்சில் அதற்கு 'ரப்போர்த்தேர்' என்று பேர். அதே சொல்லுக்குக் கோள் சொல்கிறவன் என்றும் அர்த்தம் உண்டு. வகுப்பில் யாராவது யாரையாவது போட்டுக் கொடுத்தால், நாங்கள் அந்த மரப்பலகையைக் காட்டிச் சிரிப்போம். குறுங்கோணத்துக்கு 'எகு' என்பார்கள், கூர்மை என்று பொருள். விரிகோணம் 'ஒப்த்யூ'. அதற்கு மழுங்கியது என்றும், மந்த புத்தி என்றும் பொருள். அறுபது வருஷம் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து அந்த மூன்று சொல்லுக்கும் முழு அர்த்தம் தெரிந்தது. கோள் சொல்வது கேவலம் என்று படித்து வளர்ந்தோம். தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டிய நேரமும் ஒன்று உண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது எனக்குத்தான் ஏறவில்லை.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். ஆரம்ப கால மெஷின்களில் கைரம்பத்துப் பல் மாதிரியே குத்துப் பல்தான் இருந்ததாம். சீக்கிரம் மழுங்கும், ராவியே பொழுது போகும். 1946-இல் அமெரிக்காவில் ஓரிகன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று குடைந்து போவதைப் பார்த்தார். வளைந்த தாடைகளால் இடதும் வலதுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. குறுக்கு இழை, நெடுக்கு இழை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. அதைப் பார்த்துத்தான் இடது பல், வலது பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். அடுத்த வருஷம் கம்பெனியே தொடங்கிவிட்டார். இன்று உலகம் முழுக்க ஓடும் செயின்களுக்கு அந்தப் புழுதான் குரு. அந்தப் புழுவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு கூர்மை. எனக்குத்தான் ஒரு பக்கம் வாகு, ஒரு பக்கம் சோம்பல்.

பையனுக்குக் கால் நன்றாகிவிட்டது. தழும்பு இருக்கிறது. இப்போது சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறான். மெஷினைத் தொடும்போது தடித்த காலுறை மாட்டிக்கொள்கிறான், அதைச் சங்கச் செலவில் வாங்கினோம். அவன் அம்மா என்னைக் கண்டால் பேசுவார், சிரிப்பார். பழையபடி என்று சொல்ல மாட்டேன்.

பிட்டர் அண்ணன் போன வருஷம் காலமானார். வைஸும் அளவுத் தகடும் அவர் மகன் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். மெஷின் இருக்கும் அறையில் ஒரு பதிவேடு தொங்கவிட்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு. தேதி, எடுத்தவர், எந்த மரம், திருப்பிக் கொடுத்த நேரம் என்று முன்பே கட்டங்கள் உண்டு. 2024-இல் நான் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: 'ராவியவர் கையெழுத்து'.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தம்பிதான் ராவினார், அந்த நீலக் கோட்டுப் பலகையை வைத்து, இருபத்தெட்டுப் பல்லும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இழுப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். அந்தக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க சார், எண்ணினது நீங்கதானே."

போட்டேன்.